சும்மா இராத விரல்கள்

மூங்கில் மண்டிய ஒரு காட்டில் குரங்குக் கூட்டம் ஒன்று இருந்தது. அந்தக் கூட்டத்தில் அன்பு என்றால் பேன் பார்ப்பதுதான். மகிழ்ச்சி வந்தாலும் ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும், துக்கம் வந்தாலும் பேன் பார்க்கும். பேன் கிடைக்காவிட்டால் ஒட்டிய முள்ளையோ காய்ந்த தோலையோ கிள்ளி எடுக்கும்.

கூட்டத்துக்குக் காவல் சடையன் என்ற குரங்கு. தன் காவலில் அதற்கு அசையாத நம்பிக்கை. சடையனுக்கு ஒரே மகள், பெயர் சுருளி.

ஒரு நாள் சுருளி நாவல் மரத்திலிருந்து விழுந்தது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. சடையன் ஓடிப்போய்த் தூக்கணாங்குருவியைக் கூட்டி வந்தது. முடிச்சுப் போடுவதில் அந்தக் குருவியை மிஞ்ச ஆள் கிடையாது.

"சின்ன விரிசல்தான், தானே கூடிவிடும்" என்றது குருவி. மூங்கில் பட்டைகளை வைத்துப் புல் நாரால் பதமாகக் கட்டியது.

"கை நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும். விரல்களை அவ்வப்போது மடக்கி நீட்டச் சொல். கட்டு நனையக் கூடாது, தளரக் கூடாது. மணிக்கட்டு அசைந்தால் எலும்பு கோணலாகக் கூடும். அப்புறம் அந்தக் கை கிளை பிடிக்காது."

கிளை பிடிக்காத குரங்கு தரையில்தான் நடக்க வேண்டும். தரையிலோ சிறுத்தை நடமாடியது.

"என் காவலில் ஒரு நார்கூட நகராது" என்றது சடையன்.

அன்றே உறவுகள் திரண்டு வந்தன. முன்னால் வந்தது சடையனின் அக்கா நெட்டைவாலி. "என் தங்கத்துக்கு என்ன ஆச்சு?" என்று உட்கார்ந்ததுமே அதன் விரல் முடிச்சுக்குப் போனது.

"அக்கா, கையை எடு."

"அத்தை தொட்டால் தேய்ந்துவிடுமா தம்பி?"

"தேயாது. அவிழ்ந்துவிடும்."

சடையன் எல்லாரையும் அனுப்பிவிட்டது. ஆனால் மறுநாள் பார்த்தால் கட்டு தளர்ந்திருந்தது, வீக்கம் கூடியிருந்தது. குருவி வந்து மீண்டும் இறுக்கிக் கட்டியது. "இன்னொரு முறை தளர்ந்தால் நான் பொறுப்பில்லை" என்று சொல்லிப் போனது.

சடையன் சொந்தபந்தம் யாரையும் மரத்தில் ஏறவிடவில்லை. சுருளியை மடியில் சாய்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தது. கீழே நின்ற நெட்டைவாலியைப் பார்த்து, "உன் வேலைதான் இது. உன் விரல் சும்மா இராது என்று எனக்குத் தெரியாதா?" என்று கத்தியது.

"அப்பா" என்றது சுருளி.

"நீ பேசாமல் படு. அவளிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது."

"அப்பா, அவிழ்க்கிறது நீங்கள்தான்."

சடையன் குனிந்து பார்த்தது. தன் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே புல் நாரின் நுனி இருந்தது. முடிச்சு பாதி அவிழ்ந்திருந்தது. எப்போது தொட்டோம் என்றே அதற்குத் தெரியவில்லை.

"முன்பே ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் ஆசையாகத் தடவுகிறீர்கள் என்று நினைத்தேன்."

சடையன் குருவியை மறுபடியும் அழைத்தது. "அப்படியே என் கைகளையும் கட்டிவிடு" என்றது சடையன்.

"கட்டினால் இவளுக்கு ஊட்டுவது யார்? நான் புழு கொண்டுவந்து ஊட்டட்டுமா?" என்று கேட்டது குருவி. சுருளி முகம் சுளித்தது.

சடையன் யோசித்தது. மகளுக்குப் பிடித்த புளியம்பழங்களைக் கொண்டுவந்து குவித்தது. உட்காரும் நேரமெல்லாம் அவற்றின் ஓட்டை உரித்து மகளுக்குக் கொடுத்தது. நெட்டைவாலியையும் கூப்பிட்டது.

"அக்கா, கத்தியது என் தப்புதான். ஆசை தீர என் முதுகில் பேன் பார். இவளை மட்டும் விட்டுவிடு."

"உன் முதுகில் ஒரு ஊருக்கே வேலை இருக்கிறதே தம்பி" என்று நெட்டைவாலி சுறுசுறுப்பாக உட்கார்ந்தது.

பிறகு முடிச்சை யாரும் தொடவில்லை. வீக்கம் வடிந்தது. மாதம் ஒன்று போனதும் குருவி கட்டைப் பிரித்தது. மணிக்கட்டு மெலிந்திருந்தது, ஆனால் நேராக இருந்தது.

"தாழ்ந்த கிளையில் மெல்லப் பழகட்டும்" என்றது குருவி.

சுருளி பக்கத்துக் கிளையைப் பிடித்தது. தாங்கிக்கொள்ளச் சடையனின் கைகள் நீண்டன. அது அவற்றை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது. சுருளியின் பிடி நழுவவில்லை.

நீதி: ஆறுகிற இடத்தை ஆறவிடுங்கள், அன்பான கையானாலும் அடங்கியிருக்க வேண்டும்.