அரசித் தேனீ கட்டளையிடாதது ஏன்

அந்தக் காலத்தில், பூச்சிகளெல்லாம் வாய்திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, தேன்கூட்டில் அரசி வைத்ததுதான் சட்டம். எந்தப் பூவுக்குப் போவது, எப்போது திரும்புவது, எந்தப் பொந்தில் குடியிருப்பது, எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

மலையடிவாரத்தில் ஓர் இலுப்பை மரப் பொந்தில் அப்படி ஆண்டுகொண்டிருந்தவள் மாதேவி. கெட்டவள் இல்லை. கூட்டில் ஒரு குஞ்சுப் புழு பசியோடு கிடந்தாலும் அவளுக்கு மனம் ஆறாது. ஆனால் ஓயாமல் முட்டையிட்டுக்கொண்டிருந்ததால் அவள் வெளியே தலைகாட்டி வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒருநாள் அல்லி என்ற தேனீ பதறிக்கொண்டு வந்தாள். "தாயே, மரத்தின் அடியைக் கறையான் அரித்துவிட்டது. பெருங்காற்று அடித்தால் தாங்காது. வேறு இடம் பார்க்கலாமா?"

"நான் பிறந்ததிலிருந்து நிற்கிற மரம் இது. போய் வேலையைப் பார்" என்றாள் மாதேவி.

சொல்லிவிட்டாளே தவிர, மனசு கேட்கவில்லை. மூத்த தேனீக்களைக் கூப்பிட்டு, "யோசனை சொல்லுங்கள், முடிவை நான் எடுக்கிறேன்" என்றாள். அவர்கள் அரசியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் எதைக் கேட்க விரும்பினாளோ அதையே சொன்னார்கள். "மரத்துக்கு ஒன்றும் ஆகாது தாயே."

ஆடிக்காற்றில் மரம் சாய்ந்தது. தேனடைகள் நொறுங்கின. புழுக்கள் அத்தனையும் மண்ணோடு போயின.

தப்பியவர்கள் பக்கத்துப் புங்கமரக் கிளையில் கொத்தாகத் தொங்கினார்கள். ஒருவரும் மாதேவியைக் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது.

இடம் தேடிப்போன இரண்டு பேர் திரும்பினார்கள். "பாறை இடுக்கு ஒன்று இருக்கிறது" என்றாள் அல்லி. "மருதமரப் பொந்துதான் நல்லது" என்றாள் செம்பி.

மூத்தவளான வேலாத்தாள் அரசியிடம் திரும்பினாள். "கட்டளையிடுங்கள் தாயே."

பாறை என்று சொல்ல மாதேவி வாயெடுத்தாள். போன தடவை அல்லி சொன்னதுதானே பலித்தது? ஆனால் எல்லாரும் அன்று போலவே தன் முகத்தைப் பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

"நான் இரண்டையும் பார்க்கவில்லை. பார்க்காத நான் எப்படிச் சொல்வது? நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவு செய்யுங்கள். எதைச் சொல்கிறீர்களோ அங்கே வருகிறேன்."

வேலாத்தாள் பதறினாள். "அப்புறம் அரசி என்று எதற்கு இருக்கிறீர்கள்?"

"நீங்கள் சிதறிப்போகாமல் ஒன்றாக இருக்க."

பல பேர் பறந்தார்கள். திரும்பி வந்தபோது காற்றின் இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. செம்பி உடம்பைக் குலுக்கி, மருதமரம் இருக்கும் திசையில் ஓடி ஓடிக் காட்டினாள். அல்லி பாறையின் பக்கம் ஆடினாள். சிலர் இவளோடும் சிலர் அவளோடும் சேர்ந்துகொண்டார்கள். மாதேவி பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்கு அவ்வளவு எளிதாக இல்லை.

பிறகு அல்லியே மருதமரத்தைப் பார்க்கப் போனாள். வந்தவள் செம்பியின் பக்கத்தில் நின்று அவளைப் போலவே ஆடினாள்.

"என் பாறையில் தண்ணீர் கசிகிறது. இவள் சொன்னதுதான் சரி" என்று மாதேவியின் காதருகே வந்து சொன்னாள்.

மொத்தக் கூட்டமும் எழும்பியது. வழி தெரியாத மாதேவி நடுவில் பறந்தாள். அவளுடைய வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒருவரும் பின்தங்காமல் வந்தார்கள். கடைசித் தேனீ பொந்துக்குள் நுழைந்த பிறகுதான் மழை கொட்டியது. உள்ளே கையகலம்கூட ஈரமில்லை. புது அடையின் முதல் அறைகள் எழும்பியதும் மாதேவி முட்டையிட ஆரம்பித்தாள்.

அன்று தொடங்கியதுதான் இது. இன்றைக்கும் தேன்கூட்டில் அரசி உண்டு, அவள் இல்லாவிட்டால் கூடு கலைந்துபோகும். ஆனால் எங்கே குடிபோவது என்பதைப் பார்த்து வந்தவர்கள் ஆடிக்காட்டுகிறார்கள், கூட்டம் முடிவு செய்கிறது, அரசி கூடவே பறக்கிறாள்.