நூறாவது பேருக்கு வெந்த தேன்கேக்

வெகு வெகு காலத்துக்கு முன்னே, மேகமெல்லாம் மலைமேல் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போன நாளிலே, தேன்பாறை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த ராஜ்யத்தில் மலைத்தேனுக்குக் குறைவில்லை. ஆனால் மணி பார்க்க ஒரு கடிகாரம் கிடையாது.

அப்படியானால் கேக் வெந்ததா வேகலையா என்று எப்படித் தெரியும்? கேளுங்கள். மேலே தணல், கீழே தணல், நடுவே சட்டி. சட்டியை வைத்ததும் அந்த ஊர்ப் பெண்கள் அடுப்படியிலேயே முழங்காலில் நிற்பார்கள். ஒவ்வொருத்தர் பேராகச் சொல்லி, அவரவருக்கு என்ன வேண்டுமோ அதை ஆண்டவனிடம் கேட்பார்கள். நூறு பேருக்குக் கேட்டு முடித்தால் கேக் வெந்திருக்கும். ஒருத்தர் பேரை இரண்டு தரம் சொல்லக்கூடாது. நூறு ஆகுமுன்னே மூடியைத் திறக்கவும் கூடாது, கேக் நடுவில் அமுங்கிப்போகும்.

அந்த ஊரில் அருளாயி என்று ஒரு தாய். அவளுக்குச் செண்பகவடிவு என்று ஒரே மகள். மகளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் அருளாயி தேன்கேக் சுட்ட வாசம் மலையுச்சி வரைக்கும் போயிற்று. அங்கே குடியிருந்த ஒரு மந்திரவாதி அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்து வாசலில் நின்றான். முழங்கால் வரைக்கும் தாடி. தாடியிலே ஒரு வண்டு சிக்கிக்கொண்டு ரீங்காரம் போட்டது.

"தாத்தா, தாடிக்குள்ளே பாட்டுக் கச்சேரியா?" என்று செண்பகவடிவு சிரித்தாள்.

அவன் கோலைத் தட்டினான். சிரித்த பெண் மைனாவாகி உத்தரத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஐயோ, என் பிள்ளை!" என்று அருளாயி அலறினாள்.

"அழாதே அம்மா. என் நாக்கு செத்து நூறு வருஷம் ஆச்சு. எதைத் தின்னாலும் சாம்பலாட்டம் இருக்கு. நாளையிலிருந்து மூணு நாள் வருவேன். உன் கேக்கிலே எனக்கு ருசி தெரிஞ்சா, உன் மகள் திரும்பி வருவாள். மூணாம் நாள் பொழுது சாய்றதுக்குள்ளே தெரியலைன்னா அவளுக்கு மனுஷப் பேச்சு மறந்துபோகும், உன் முகமும் மறந்துபோகும். பறந்து போயிடுவாள்."

முதல் நாள் அருளாயி கோதுமை மாவைச் சலித்தாள். சுக்கு, பட்டை, கிராம்பு, ஏலக்காய் இடித்தாள். முட்டையை நுரைக்க அடித்துத் தேனும் வெண்ணெயும் சேர்த்தாள். மேலே தணல், கீழே தணல், நடுவே சட்டி. முழங்காலில் நின்றாள். பயத்தில் அவளுக்கு மகள் பேரைத் தவிர வேறு பேர் வாயில் வரவில்லை. "செண்பகவடிவு, செண்பகவடிவு" என்று மூச்சுவிடாமல் நூறு தரம் சொல்லி மூடியைத் திறந்தாள். ஈர்க்குச்சியைக் குத்தினால் பச்சை மாவு ஒட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா, இது கேக்கா, சுவருக்குப் பூசற களிமண்ணா?" என்றது உத்தரத்து மைனா.

மந்திரவாதி ஒரு வாய் போட்டுப் பார்த்து, "சாம்பல்" என்று சொல்லிப் போய்விட்டான்.

இரண்டாம் நாளும் மேலே தணல், கீழே தணல், நடுவே சட்டி. அன்றைக்கும் மகள் பேர்தான். ஆனால் ஒவ்வொரு தரமும் பேரைச் சொல்லி நின்று அழுதாள். அழுது அழுது நூறு முடிவதற்குள் அடுப்படியே புகைந்தது. கேக் கரிக்கட்டை.

மைனா தலையைச் சாய்த்து, "கரி... அம்மா... கரி" என்றது. அதற்கு மேல் அதற்கு வார்த்தை வரவில்லை.

மந்திரவாதி வந்தான், கடித்தான், "சாம்பல்" என்று சொல்லிப் போனான்.

மூன்றாம் நாள் மைனா "அம்மா" என்ற ஒன்றைத்தான் சொன்னது. அதுவும் பாதி கிறீச்சென்று பறவைச் சத்தமாக வந்தது. அருளாயி முகம் கழுவினாள். 'இரண்டு நாளும் என் பிள்ளை, என் பிள்ளை என்றே நின்றுவிட்டேனே. ஊரில் மற்றவர்களுக்குப் பிள்ளை இல்லையா, நோவு இல்லையா' என்று நினைத்துக்கொண்டாள். மேலே தணல், கீழே தணல், நடுவே சட்டி.

மகளுக்கு ஒரு தரம் கேட்டாள். பிறகு கோழிக்காகச் சண்டை பிடிக்கும் பக்கத்து வீட்டுப் பூமயிலுக்கு மூட்டுவலி தீர வேண்டும் என்று கேட்டாள். எண்ணெய்க்கார மாடசாமியின் மாடு தேற வேண்டும் என்று கேட்டாள். ராஜாவுக்குத் தூக்கம் வர வேண்டும் என்றும் கேட்டாள், பாவம், அவருக்கு எத்தனை கவலையோ. தெருத் தெருவாக மனசுக்குள் நடந்து தொண்ணூற்றொன்பது பேருக்குக் கேட்டாகிவிட்டது. அப்புறம் பேர் இல்லை! யோசித்து யோசித்துப் பார்த்தாள், ஒரு பேரும் வரவில்லை.

பொழுது மலை விளிம்பைத் தொட்டது. வாசலில் கோல் தட்டும் சத்தம்.

"ஆச்சா?" என்றான் மந்திரவாதி.

"ஒரு பேர் குறையுது. ஐயா, உங்க பேரு என்ன?"

"பேரைக் கேட்டு மந்திரத்தாலே என்னைக் கட்டிப்போடப் பார்க்கிறியா?"

"கட்டிப்போட எனக்கு என்ன தெரியும்? உங்களுக்காக வேண்டிக்கத்தான் கேட்கிறேன்."

"உன் பிள்ளையைப் பறவையாக்கினவனுக்கா?"

"மனசு வலிக்கத்தான் செய்யுது. ஆனா நூறு வருஷம் ருசியில்லாம சாப்பிட்டா யாருக்குத்தான் கோபம் வராது? பேரைச் சொல்லுங்க ஐயா, கேக் கரிஞ்சிடும்!"

மந்திரவாதி கோலைச் சாய்த்து வைத்துவிட்டுத் தாடியைத் தடவினான். "எங்கம்மா வைச்சது... சீனிமுத்து" என்றான் மெல்ல.

"ஆண்டவனே, சீனிமுத்துவுக்கு இன்றைக்கு வயிறார, மனசாரச் சாப்பாடு கிடைக்கட்டும்" என்றாள் அருளாயி.

மூடியைத் திறந்தாள். அடேயப்பா, என்ன வாசம்! ஈர்க்குச்சி சுத்தமாக வந்தது. அவன் ஒரு துண்டை வாயில் போட்டான். மென்றான். நின்றான். கண் கலங்கியது.

"காரம்... அம்மா, சுக்குக் காரம்! இப்போ தேன்! தேன் இனிக்குது!"

அந்த நொடியில் உத்தரத்திலிருந்து செண்பகவடிவு தொப்பென்று மாவுப் பானையில் விழுந்தாள். தலையெல்லாம் மாவு. எழுந்ததும் எழாததுமாக, "எனக்கு வைக்காம எல்லாத்தையும் தின்னுடாதீங்க!" என்று கத்தினாள். அருளாயி அவளை மாவோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், அழுதார்கள்.

"அம்மா, நான் என்ன செய்யட்டும்?" என்றான் சீனிமுத்து. கோலை எங்கே வைத்தான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை.

"யாருக்கெல்லாம் வேண்டிக்கிட்டேனோ அவங்களுக்கெல்லாம் ஒரு துண்டு கொடுக்கணும் ஐயா. தட்டைத் தூக்குங்க."

கேக்கைச் சின்னச் சின்னதாக வெட்டினார்கள். மந்திரவாதியைக் கண்டாலே நூறு வருஷமாகக் கதவைச் சாத்திக்கொள்ளும் ஊர் அது. சீனிமுத்து முதல் கதவைத் தட்டினான். பூமயில் கதவை ஒரு விரல் அளவு திறந்து, "யாரு?" என்றாள்.

"நான்தாம்மா, சீனிமுத்து. கேக் கொண்டுவந்திருக்கேன்."

கதவு முழுசாகத் திறந்தது. அவன் அடுத்த வீட்டுக்குப் போனான்.