ஆட்டுக்கறிக்கும் கொள்ளுத் துவையலுக்கும் நடந்த வழக்கு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர், எந்த நாடு என்று துருவிக் கேட்காதீர்கள். ராஜாவின் சாப்பாட்டு விஷயம் என்பதால் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை. நல்ல மனிதர். வரி கொஞ்சம், கோபம் கொஞ்சம், பசி மட்டும் தாராளம்.

அந்த ராஜாவுக்கு ஒருநாள் காலையில் ஒரு கவலை வந்தது. இடைக்கச்சையைக் கட்டினார், அது வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாகச் சுற்றிக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் "அப்பாடா, தொப்பை குறைந்தது" என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். ராஜாவோ முகம் வெளுத்துச் சபைக்கு ஓடி வந்தார்.

"நான் இளைத்துவிட்டேன்! காரணம் என்ன?"

இந்தக் கேள்விக்காகவே ஒரு மாதமாகக் காத்திருந்தவர் போலச் சட்டென்று எழுந்தார் பூவணநாதர். அரண்மனைச் சமையற்கட்டுக்கு மணியக்காரர் அவர்தான். சந்தையில் ஆட்டின் முதுகெலும்பை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தே கறி எப்படி வேகும் என்று சொல்லிவிடுவார். அப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கிச் சமைக்கவைத்த கறியை ராஜா ஒரு மாதமாக இலையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, கொள்ளுத் துவையலை மட்டும் வழித்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனுஷனுக்கு வயிறு எரியாதா?

அந்தத் துவையலை அரைத்தவள் மயிலாத்தாள். கணவன் போருக்குப் போனவன் திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். அவளை அம்மி வேலைக்குச் சேர்த்துவிட்டது விகடகவி வெள்ளியம்பலம். ஆக, துவையலை ராஜா புகழும்போதெல்லாம் பாதிப் புகழ் வெள்ளியம்பலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மணியக்காரருக்கு எரிச்சல் எந்த இடத்தில் என்று இப்போது புரிந்திருக்கும்.

"மன்னவா, காரணம் துவையல்! கறியில் இருக்கும் சத்து துவையலில் ஏது? அரசருக்கு வெறும் தொட்டுக்கொள்வதைக் கொடுத்தே ஆளை உருக்கிவிட்டார்கள்" என்றார் பூவணநாதர்.

"கொள்ளு தின்னும் குதிரையா இளைத்துக் கிடக்கிறது?" என்றார் வெள்ளியம்பலம். "துவையலில் பூண்டு வாயுவுக்கு, கறிவேப்பிலை கண்ணுக்கு, இஞ்சி செரிமானத்துக்கு. ஓர் உருண்டைக்குள் ஒரு வைத்தியசாலையே இருக்கிறது, அரசே."

ராஜா வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் மணியக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு வெள்ளியம்பலத்தைப் பார்த்தும் தலையாட்டினார். அந்தத் தலை அரண்மனைச் சம்பளத்தில் ஆடுகிற தலை.

"இரண்டில் எதில் சத்து அதிகம்?" என்று கேட்டார் ராஜா. "வாயால் சொன்னால் போதாது. சத்தை எடை போட்டுக் காட்டுங்கள்!"

சத்தை எந்தத் தராசில் போடுவது? சபை விழித்தது. பூவணநாதர் மட்டும் விழிக்கவில்லை.

"முற்றத்தில் இளவட்டக்கல் கிடக்கிறது, மன்னவா. இன்று நானும் இவரும் அதைத் தூக்குவோம். எட்டு நாள் நான் கறியை மட்டும் தின்கிறேன். இவர் துவையலை மட்டும் தின்னட்டும். எட்டாம் நாள் யார் கல்லை உயரத் தூக்குகிறாரோ அவர் பண்டம் வென்றது. தோற்ற பண்டமும் அதைச் சேர்ந்த அத்தனையும் பொழுது சாய்வதற்குள் அரண்மனையை விட்டு வெளியேற வேண்டும்!"

அதைச் சேர்ந்தது என்று அவர் சொன்னது மயிலாத்தாளையும் வெள்ளியம்பலத்தையும் மனத்தில் வைத்துத்தான். ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துப்போயிற்று. அப்படியே ஆணை எழுதி முத்திரை வைத்துவிட்டார். அன்று இருவரும் கல்லைத் தூக்கிப் பார்த்தார்கள். இருவருக்கும் முழங்கால்வரைதான் வந்தது. முனகல் மட்டும் வானம்வரை போனது.

மறுநாள் மதியம் சபையிலேயே இரண்டு இலை போட்டார்கள். பூவணநாதர் இலையில் கறி. மிளகும் மல்லியும் மணக்க, எண்ணெய் மினுமினுக்க, அதைப் பார்த்தவர்களுக்கே நாக்கில் நீர் ஊறியது. அவர் முதல் துண்டை எடுப்பதற்குள் வெள்ளியம்பலம் கையை நீட்டித் தடுத்தார்.

"சற்றுப் பொறும். இந்த மிளகு யாருடையது?"

"என்ன ஓய் கேள்வி? கறியில் போட்ட மிளகு."

"எங்கே அரைத்தது?"

"அம்மியில்."

"எங்கள் துவையலும் அந்த அம்மியில்தானே அரைபடுகிறது? மன்னவா, மிளகு, மல்லி, இஞ்சி, பூண்டு எல்லாம் எங்கள் வீட்டு ஆட்கள். உப்பும் புளியும் எண்ணெயும் எங்கள் துவையலில் உண்டு. எங்கள் ஆட்களைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு எங்களோடேயே சண்டைக்கு வருவது நியாயமா?"

பூவணநாதருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சத்து கறியில் இருக்கிறது! உப்பிலும் மிளகிலுமா இருக்கிறது? எல்லாவற்றையும் அவரே எடுத்துக்கொள்ளட்டும்!"

"சரி. அம்மியில் ஏறுவதும், உப்பு புளி எண்ணெயும் துவையல் கட்சி. ஆட்டுக்கறி தனிக் கட்சி" என்று தீர்ப்புச் சொன்னார் ராஜா.

அன்றிலிருந்து மணியக்காரர் இலையில் வெந்நீரில் வெந்த கறி மட்டும் விழுந்தது. வெளுத்து, விறைத்து, சலவைக்குப் போய் வந்த துணிபோல. முதல் நாள் வீராப்பில் இறங்கியது. இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டால் இறங்கியது. மூன்றாம் நாள் கண்ணை மூடினாலும் இறங்கவில்லை. நான்காம் நாள் மனுஷர் ஊன்றுகோலோடு நடந்தார்.

வெள்ளியம்பலம் மட்டும் வாழ்ந்தாரா என்றால், அதுவும் இல்லை. முதல் நாள் எலுமிச்சை அளவில் ஆறு உருண்டை சப்புக்கொட்டித் தின்றார். அடுத்த நாள் விக்கல். அதற்கடுத்த நாள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டுக் குளக்கரையிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு பருக்கை சோற்றுக்காக, வழியில் போகிற காக்கையைக்கூடப் பொறாமையோடு பார்த்தாராம்.

நான்காம் நாள் மதியம். மயிலாத்தாள் அம்மியில் குனிந்திருந்தாள். எதிரே நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் மணியக்காரர், கையில் ஒரு கிண்ணம் கறி.

"மயிலாத்தா... ஒரு கல் உப்பு இருக்குமா?"

அவள் குழவியை ஓரமாக நிறுத்தினாள்.

"நான் கேட்கக் கூடாதுதான்" என்று தூணைப் பிடித்துக்கொண்டார். "உன்னைத் துரத்தப் பார்க்கிறவன் நான். எல்லாம் தெரியும். ஆனா நாக்கு செத்துப்போச்சு, தாயி."

"சாப்பிட்டு எத்தனை நாளாச்சுங்க?"

"ரெண்டு நாள் ஆகப்போவுது."

"அடப் பாவமே! நீங்க ஜெயிச்சா எம் புள்ளைங்க தெருவுல நிக்குமுங்க. அது எனக்கும் தெரியும். அதுக்காவ பசின்னு வந்தவங்களுக்கு இல்லைன்னா சொல்லுவேன்? உக்காருங்க."

அம்மியிலிருந்து நெல்லிக்காய் அளவு துவையலை வழித்துக் கிண்ணத்தில் வைத்தாள். பூவணநாதர் கறித் துண்டை அதில் புரட்டி வாயில் வைத்தார். கண்ணில் நீர் வந்தது. காரத்தாலா, வேறு எதனாலா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கிண்ணம் காலியாயிற்று.

அன்று சாயங்காலமே மயிலாத்தாள் வெள்ளியம்பலத்தின் வீட்டுக்குப் போய் அழுதாள். "நானே எந் தலையில மண்ணப் போட்டுக்கிட்டேண்ணே. அவரு பசின்னு வந்து நின்னாரு, மனசு கேக்கல."

வெள்ளியம்பலம் விக்கலோடு தலையைச் சொறிந்தார். "நாளைக்கும் வருவாரா?"

"வருவாரு."

"அப்படின்னா கொஞ்சம் கூடவே அரை. பூண்டைக் குறைச்சிடாதே."



எட்டாம் நாள் முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. பூவணநாதர் கன்னம் பளபளக்க வந்தார். குனிந்தார், கல்லைத் தழுவினார், ஒரே மூச்சில் மார்புவரை தூக்கிவிட்டார்! வெள்ளியம்பலம் குனிந்தார், தழுவினார், கல் அசையவில்லை. குனிந்ததுதான் குனிந்தோம் என்று அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நான் தோற்றேன், மன்னவா. துவையல் தோற்றது."

ராஜாவின் முகம் சுண்டியது. இனித் துவையல் இல்லையே! ஆனால் முத்திரை வைத்த ஆணையாயிற்றே. மயிலாத்தாள் துணி மூட்டையோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாசலில் வந்து நின்றாள்.

"இரு தாயி, முன்னால் போக வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்றார் வெள்ளியம்பலம். காவலர்களைக் கூப்பிட்டார். "துவையலும் அதைச் சேர்ந்த அத்தனையும் என்பது ஆணை. எது எது துவையலைச் சேர்ந்தது என்று அரசரே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். நடக்கட்டும்!"

உப்பு மூட்டை போயிற்று. மிளகு போயிற்று, மல்லி போயிற்று. புளிப் பானையும் எண்ணெய்க் குடமும் இஞ்சியும் பூண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போயின. கடைசியில் நான்கு பேர் சேர்ந்து அம்மியையும் தூக்கிப் போனார்கள். ராஜா வாயைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் அவர் இலையில் ஒரு வெளுத்த துண்டு விழுந்தது.

"இது என்ன?"

"வென்ற கறி, மன்னவா" என்றார் வெள்ளியம்பலம் பணிவாக. "மணியக்காரர் இதைத் தின்றுதான் கல்லைத் தூக்கினார். அவருக்கும் பக்கத்தில் ஓர் இலை போடுங்கள். இனிமேல் தினமும் அரசரோடு உட்கார்ந்து இதைச் சாப்பிடும் பெருமை அவருக்கே."

ராஜா மென்றார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பிறகு பூவணநாதரைப் பார்த்து, "இதையா எட்டு நாள் தின்றீர்?" என்றார்.

பூவணநாதர் தம் இலையைப் பார்த்தார். வாசலில் நின்ற மயிலாத்தாளைப் பார்த்தார். அவள் இதுவரை ஒரு வார்த்தை வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர் கதை அப்போதே முடிந்திருக்கும். அதுதான் அவரை உலுக்கிவிட்டது.

"இல்லை, மன்னவா. இதை நான்கு நாள்கூடத் தின்ன முடியவில்லை. அப்புறம் தினமும் அந்தப் பெண்ணிடம் போய் நின்றேன். துவையல் கொடுத்தாள். அதைத் தொட்டுக்கொண்டுதான் கறி இறங்கியது. கல்லைத் தூக்கியது என் கறி மட்டும் இல்லை. என்ன தண்டனையோ கொடுங்கள்."

வெள்ளியம்பலம் முன்னால் வந்தார்.

"தண்டனை எதற்கு, அரசே? சத்தை எடை போடச் சொன்னீர்கள். கல் போட்டுக் காட்டிவிட்டது. துவையலை மட்டும் தின்றவன் நான், கல்லின்மேல் உட்கார்ந்தேன். கறியை மட்டும் தின்றபோது அவர் கோல் ஊன்றினார். இரண்டையும் தின்றபோது கல் மார்புக்கு ஏறியது. தாங்கள் ஒரு மாதமாக ஒன்றை ஒதுக்கிவிட்டு ஒன்றை வழித்தீர்கள்; கச்சை சுற்றிக்கொள்ளாமல் என்ன செய்யும்?"

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயில் இருந்த கறி ஒருவழியாக இறங்கியதும் அந்தச் சிரிப்பில்தான். ஆணையைக் கிழித்துப்போட்டார். போன ஊர்வலம் திரும்பி வந்தது. மயிலாத்தாளுக்கு ஆயுள்வரை அரண்மனையில் வேலையும், பிள்ளைகளுக்குப் பட்டுப் பாவாடையும். "இனிக் கறிக்கு மசாலாவும் இவள் கைதான் அரைக்க வேண்டும்" என்று பூவணநாதரே கேட்டு வாங்கிக்கொண்டார். வெள்ளியம்பலத்துக்கு முத்து மாலை.

அன்று பெரிய விருந்து. மயிலாத்தாள் முதல் உருண்டையை வெள்ளியம்பலத்தின் இலையில்தான் வைக்க வந்தாள். அவர் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டார்.

"என்னண்ணே இது? இதுக்காவத்தானே இவ்வளவு பாடும் பட்டீங்க?" என்று அவள் முகம் வாடினாள்.

"தாயி, உன் துவையலுக்காக இன்னும் எட்டுத் தடவைகூட ராஜாவோடு மல்லுக்கு நிற்பேன்" என்றார் அவர். "இன்றைக்கு மட்டும் எனக்குப் பாயசம் போதும்."

சிரித்த சிரிப்பில் ராஜாவுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்ட மணியக்காரர் ஓடினார்.