இல்லாத மீனின் வால்

நெடுவிளைக்காரர்களை முட்டாள்கள் என்று வெளியூர்க்காரர்கள் சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும். அதைச் சொல்லத்தான் நாங்கள் இருக்கிறோமே, அவர்கள் எதற்கு? எங்கள் ஊரிலேயே நன்றாக யோசிக்கிறவர் என்று பெயரெடுத்தவர், கடற்கரைச் சாலையில் மெஸ் நடத்தும் பால்வண்ணன் அண்ணாச்சி. அவர் செய்ததைச் சொல்கிறேன். மற்றவர்களை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் ஏதோ பெரிய கட்டுமான வேலைக்கு ரஷ்யர்கள் வந்து காலனியில் குடியேறினார்கள். வியாபாரத்துக்கு ஆகும் என்று அண்ணாச்சி ரஷ்ய மொழி படிக்கப் புறப்பட்டார். தனியாகப் போகப் பயம். சமையல் பார்க்கும் குருஸையும், பரிமாறும் இசக்கியப்பனையும் கூட்டிக்கொண்டார். சொல்லிக்கொடுத்தவர் தர்மகண் சார், ஓய்வு பெற்ற மொழிபெயர்ப்பாளர்.

‘இருக்கு’ என்று சொல்வதில் ஒரு சிக்கலும் வரவில்லை. ‘இல்லை’யில்தான் மூவரும் மாட்டிக்கொண்டார்கள்.

“ரஷ்ய மொழியில ஒரு இல்லை பத்தாது,” என்றார் சார். “யாரும் எதுவும் கொண்டுவரலன்னு சொல்லணும்னா, யாருக்கு ஒரு இல்லை, எதுக்கு ஒரு இல்லை, கொண்டுவரதுக்கு ஒரு இல்லை. எல்லாம் சேர்ந்தாலும் இல்லைன்னுதான் அர்த்தம்.”

இசக்கியப்பன் வெளியே வந்து அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டான். “இல்லாம இல்லன்னா இருக்குன்னுலா அர்த்தம். அவங்களுக்கு மட்டும் எப்படி அண்ணாச்சி?”

அண்ணாச்சி நெடுநேரம் யோசித்தார். “குளிர் தேசம்லா. சட்டைக்கு மேல சட்டை போடுதாங்க. அதே மாதிரி இல்லைக்கு மேல இல்லை.”

அடுத்த பாடம் இன்னும் கடினம். “ஒரு பொருள் இல்லைன்னு சொல்லும்போது அதோட வாலை மாத்தணும். மீன்னா ரிபா. மீன் இல்லைன்னா ரிபி நியெத். வால் மாறாம சொன்னா மரியாதையா இருக்காது,” என்றார் சார். அவர் சொன்னது சொல்லின் வால். மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விக்தர் என்ற எஞ்சினியர் மனைவியோடும் மாமியாரோடும் மீன்குழம்பு சாப்பிட வருவதாக இருந்தது. பிடித்துவிட்டால் காலனிக்கே இனி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அண்ணாச்சி மெஸ்ஸில்தான். அன்றைக்கென்று காற்று அடித்தது. ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை.

“மீன் இல்லைன்னு சொல்லிர வேண்டியதுதான்,” என்றான் இசக்கியப்பன்.

“சும்மா சொன்னா மரியாதையா இருக்காதுன்னு சார் சொல்லியிருக்காருலா. வாலை மாத்தணும்,” என்றார் அண்ணாச்சி.

“மீனே இல்லையே அண்ணாச்சி. எதோட வாலை மாத்த?”

மூவரும் உட்கார்ந்துவிட்டார்கள். சாரைக் கேட்கலாம் என்றால் அவர் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார், போனும் எடுக்கவில்லை. கடைசியில் குருஸ் எழுந்தார்.

“மீன் இல்லைன்னு முறையாச் சொல்லணும்னா முதல்ல ஒரு மீன் வேணும்.”

இது ஏன் நமக்குத் தோன்றாமல் போயிற்று என்று அண்ணாச்சிக்கு வெட்கமாகிவிட்டது.

குருஸ் பைக்கில் நாகர்கோவில் போய், சந்தை சந்தையாக அலைந்து, ஐஸில் கிடந்த ஒரு பெரிய பாரை மீனையும், மாற்று வாலுக்காக ஒரு சாளையையும் வாங்கிவந்தார். பாரையின் வாலை வெட்டி, அந்த இடத்தில் சாளையின் சின்ன வாலைக் கோணி ஊசியால் தைத்தார்கள்.

“பாரை நல்லாருக்கே, இதையே குழம்பு வச்சிரலாமே,” என்று இசக்கியப்பன் மெதுவாகச் சொன்னான்.

குருஸ் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “இல்லாத மீனை எப்படில குழம்பு வைக்க?”

விக்தர் குடும்பம் வந்து உட்கார்ந்தது. அண்ணாச்சி தாம்பாளத்தில் பாரையை ஏந்திக்கொண்டு போனார். மேஜைமேல் வைத்துவிட்டு, “ரிபி நியெத்,” என்றார். ஒரு இல்லை பத்தாது என்பதால் குருஸ் ஒரு நியெத் சொன்னார். இசக்கியப்பன் ஒரு நியெத் சொன்னான்.

விக்தர் மீனைப் பார்த்தார். மூவரையும் பார்த்தார். மீனைத் தொட்டு, “ரிபா,” என்றார்.

“நியெத்,” என்று அண்ணாச்சி பணிவாக வாலைக் காட்டினார்.

விக்தர் குனிந்து தையலைப் பார்த்தார். அவருக்கும் தர்மகண் சாரைத் தெரியும், அவருடைய வால் பாடத்தையும் தெரியும். என்ன நடந்தது என்று புரிய அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் கண்ணில் நீர் வரச் சிரித்து, அண்ணாச்சியின் தோளைத் தட்டி, “நிச்சிவோ, நிச்சிவோ,” என்றார்.

நிச்சிவோ என்றால் ஒன்றுமில்லை. பரவாயில்லை என்பதற்கும் ரஷ்யர்கள் அதையேதான் சொல்வார்கள். இந்த இரண்டாவது அர்த்தத்தைச் சார் சொல்லிக்கொடுத்த அன்று மூவரும் ஒரு கல்யாணச் சமையலில் இருந்தார்கள்.

அண்ணாச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுப்படிக்கு ஓடினார். “ஆர்டர் கொடுத்துட்டாரு. மூணு பேருக்கும் ஒண்ணுமில்லை.”

குருஸ் பெரிய சட்டியைக் கழுவி அடுப்பில் வைத்தார். “எவ்வளவு நேரம் கொதிக்கணும் அண்ணாச்சி?”

“வந்தவங்க காத்திருக்காங்க. இளஞ்சூடு போதும்.”

இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். இசக்கியப்பன் வெறும் சட்டியில் கரண்டியை விட்டு அள்ளி, மூன்று இலையிலும் சிந்தாமல் பரிமாறினான். விக்தர் ஒரு கணம் திகைத்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுப் பிசைய ஆரம்பித்தார். மனைவியும் பிசைந்தாள். மாமியார் மட்டும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தபோது விக்தர் மூவரின் கையையும் குலுக்கி, அடுத்த ஞாயிறு காலனியையே கூட்டிவருவதாகச் சைகை செய்தார்.

இலை எடுக்கப் போன இசக்கியப்பன் வாடிய முகத்தோடு அடுப்படிக்கு வந்தான்.

“அந்தப் பெரியம்மா மட்டும் பாதிக்கு மேல மிச்சம் வச்சிட்டாங்க.”

குருஸ் சட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

“உப்பு கூடிப்போச்சு,” என்றார்.