விழுந்துகொண்டே இருந்த சுவிட்ச்

சுவாமிமலையில் மங்கையர்க்கரசி என்னும் மின்பணியாளர் இருந்தார். வயது முப்பத்து நான்கு. அவருக்கு ஒரே ஒரு சீடர். பெயர் வைத்தியலிங்கம். அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு.

மகள் வயதுடைய ஒருத்தியிடம் கைகட்டிப் பாடம் கேட்கிறாரே என்று கடைத்தெருவில் சிரித்தார்கள்.

"தகப்பனுக்கே உபதேசம் நடந்த ஊர் இது. எனக்கு நடந்தால் குறைந்தா போய்விடுவேன்?" என்பார் வைத்தியலிங்கம்.

ஒரு வியாழக்கிழமை நண்பகலில் ஆசிரியைக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, உடனே வாருங்கள்! வென்றுவிட்டேன்! இன்று விழவில்லை!"

"எது விழவில்லை, ஐயா?"

"எங்கள் வீட்டு டிரிப்பர், அம்மா! வந்து பாருங்கள்!"

மின்கசிவு நேர்ந்தால் தானே கீழே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்சைத்தான் டிரிப்பர் என்றார் அவர். அது விழுந்தால் ஃப்ரீசரும் நின்றுவிடும். மூன்று நாளாக இதே கதை.

அந்த ஃப்ரீசருக்குள் இருந்தது தாய்ப்பால். வைத்தியலிங்கத்தின் மகள் தையல்நாயகிக்கு ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளை கும்பகோணத்து மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. குழாய் வழியே தாய்ப்பாலை மட்டும் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துவந்தார்கள். தாய்க்கோ பால் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் சேர்த்து உறையவைத்த நாற்பத்து மூன்று பொட்டலங்களை நம்பியே வரும் நாள்கள் இருந்தன. அவை உருகினால் மறுபடி உறையவைக்கலாகாது.

ஆசிரியை வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் வைத்தியலிங்கத்தின் மனைவி கமலாம்பாள் எதிரே வந்தார்.

"வா மங்கை! இந்த மனிதரை முதலில் நீ கேள். அயர்ன் பெட்டிதான் குற்றவாளி என்றார், பரணில் ஏற்றினார். பிறகு மிக்ஸி என்றார், அதையும் ஏற்றினார். மூன்று நாளாக இந்த வீட்டில் சட்னி இல்லை. பரணில் ஏற்ற இனி நான்தான் பாக்கி."

"பரண் தாங்காது என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்" என்றபடி உள்ளிருந்து வந்தார் வைத்தியலிங்கம். கையில் ஒரு குறிப்பேடு. முகமெல்லாம் வெளிச்சம்.

"பாருங்கள் அம்மா, நீங்கள் கற்பித்தபடி எல்லாம் எழுதிவைத்தேன். செவ்வாய் மாலை மூன்று மணி, மிக்ஸி ஓடியது, விழுந்தது. நடுவே இரவிலும் விழுந்திருக்கிறது. புதன் காலை பத்தரை, மோட்டார் ஓடியது, விழுந்தது."

ஆசிரியை ஏட்டைப் படித்தார்.

"விழுந்த நேரம் இருக்கிறது. எழுப்பிய நேரம் எங்கே?"

"அது எதற்கு? விழுந்ததுதானே நோய்?"

"நினைவிருந்தால் சொல்லுங்கள்."

"செவ்வாயன்று மருத்துவமனையிலிருந்து திரும்பி ஒன்பது மணிக்கு எழுப்பினேன். புதன் விடியற்காலையில் நாலரைக்கு..." விரல்களை மடக்கி எண்ணியவர் பாதியிலேயே நின்றார். "ஆறு மணி நேரம்! இரண்டு முறையும் சரியாக ஆறு மணி நேரம்! அப்படியானால் மிக்ஸியும் இல்லை, மோட்டாரும் இல்லை!"

"கேட்டுக்கொள் மங்கை" என்றார் கமலாம்பாள். "என் மிக்ஸிக்கு விடுதலை."

"இன்று எப்போது எழுப்பினீர்கள், ஐயா?"

"காலை ஆறு மணிக்கு. இப்போது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. நிற்கிறது பாருங்கள்!"

"என்ன செய்தீர்கள்?"

வைத்தியலிங்கம் பெருமையோடு சுவரில் செருகியிருந்த ஃப்ரீசர் பிளக்கைக் காட்டினார்.

"எர்த் கம்பியைக் கழற்றிவிட்டேன். கடைத்தெருவில் பாதி ஃப்ரீசர் இப்படித்தான் ஓடுகிறதாம். காரணமில்லாமல் விழுகிற சுவிட்சுக்கு வேறு என்ன மருந்து? சுவிட்சையே எடுத்துவிடலாமா என்றும் உங்களைக் கேட்க நினைத்தேன்."

அப்போது உள்ளறையிலிருந்து தையல்நாயகி வந்தாள். ஒரு கையில் அன்றைய பால் பொட்டலம். மருத்துவமனையில் சொல்லியிருந்தபடி கைகளை முழங்கைவரை கழுவியிருந்தாள், நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கால்களில் செருப்பில்லை. ஃப்ரீசரின் கைப்பிடியை நோக்கிக் கை நீட்டினாள்.

"தொடாதே!"

ஆசிரியை குரல் உயர்த்தி அந்த வீட்டார் கேட்டதில்லை. தையல்நாயகி பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"என்னக்கா?"

ஆசிரியை சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துச் சீடரிடம் நீட்டினார்.

"நீங்களே வைத்துப் பாருங்கள், ஐயா."

வைத்தியலிங்கம் அதன் முனையைக் கைப்பிடியின் உலோகத்தில் வைத்தார். டெஸ்டருக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. எடுத்தார், அணைந்தது. மீண்டும் வைத்தார், எரிந்தது.

மகளின் ஈரக் கைகளைப் பார்த்தார். அவள் தோளைப் பிடித்து ஃப்ரீசரைவிட்டுத் தள்ளி நிறுத்தினார்.

ஆசிரியை மெயினை அணைத்தார்.

"எர்த் கம்பி இல்லாததால் கசிவு மண்ணுக்குப் போகாமல் கைப்பிடியில் நின்றது, டிரிப்பரும் விழவில்லை. கதவைத் திறக்காதவரை பால் உருகாது. நேரம் இருக்கிறது. அழுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், ஐயா. இந்தக் குளிருக்குள் ஒரு நெருப்பு இருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எரிகிறது. எது?"

வைத்தியலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெற்றியைத் தேய்த்தார்.

"குளிருக்குள் நெருப்பா? உள்ளே பனி படியும். அது படிந்துகொண்டே போனால்..." சட்டென்று நிமிர்ந்தார். "ஹீட்டர்! பனியை உருக்கும் ஹீட்டர்! ஓடத் தொடங்கி ஆறு மணி நேரம் ஆனதும் அது எரிகிறது. கசிவு அதில்தான், அம்மா!"

"சொன்னால் போதாது. காட்டுங்கள்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃப்ரீசரைச் சுவரிலிருந்து நகர்த்தினார்கள். பின்புற மூடியைக் கழற்றினார் சீடர். ஹீட்டருக்குப் போகும் இரு கம்பிகளையும் பிரித்தெடுத்து, ஆசிரியையின் கசிவு அளக்கும் கருவியில் இணைத்தார். முள் ஒரே தாவலில் மறுகோடிக்குப் போனது.

"அகப்பட்டது!" என்று கத்தினார். "கமலா, அகப்பட்டது!"

மற்றப் பகுதிகளையும் அளந்தார். அவற்றில் கசிவில்லை. ஹீட்டர் கம்பிகளின் முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றி மூடினார். பிறகு யாரும் சொல்லாமலே பிளக்கைத் திறந்து எர்த் கம்பியைப் பழைய இடத்தில் வைத்து முறுக்கினார். ஆசிரியை அதை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"புது ஹீட்டர் வரும்வரை உள்ளே பனி கட்டும். கட்டட்டும். பாலுக்குக் கேடில்லை."

ஒரு மணிக்கு டிரிப்பரை எழுப்பினார்கள். தையல்நாயகி நாற்பத்து நான்காம் பொட்டலத்தை உள்ளே வைத்தாள்.

"ஏழு மணிக்கு வருகிறேன்" என்று ஆசிரியை புறப்பட்டார்.

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே நால்வரும் டிரிப்பரின் முன் நின்றார்கள். சந்நிதியில் திரை விலகக் காத்திருப்பவர்களைப்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணி ஏழு. ஃப்ரீசருக்குள் 'டக்' என்றொரு சிறு ஒலி. தையல்நாயகி தாயின் கையை இறுகப் பற்றினாள்.

டிரிப்பர் விழாமல் நின்றது.

ஏழு ஐந்து. நின்றது. ஏழு பத்து. நின்றது. வைத்தியலிங்கம் கைப்பிடியில் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரியவில்லை.

"முருகா!" என்றார் கமலாம்பாள். "ஏணியைக் கொண்டு வாருங்கள். என் மிக்ஸி இறங்கட்டும்!"

தையல்நாயகி கழுவிய கையோடு கதவைத் திறந்தாள். ஒவ்வொரு பொட்டலமாகத் தொட்டுப் பார்த்தாள்.

"நாற்பத்து நான்கும் கல்லாக இருக்கின்றன, அப்பா!"

பிள்ளை பெற்றபின் அவள் சிரித்து அவர்கள் பார்த்தது அன்றுதான்.

கமலாம்பாள் கொடுத்த காப்பியை ஆசிரியை குடித்து முடிக்கும்வரை வைத்தியலிங்கம் காத்திருந்தார். பிறகு அருகில் வந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கள், ஐயா."

"டிரிப்பர் விழாமல் நின்றால் மலையில் அறுபது படிக்கும் விளக்கேற்றுகிறேன் என்று சுவாமிநாதனிடம் வேண்டிக்கொண்டேன். நண்பகலில் நின்றது. அது எப்படி நின்றது என்று இப்போது தெரியும். மாலையிலும் நின்றது. நான் எதற்காக விளக்கேற்றுவது?"

ஆசிரியை டம்ளரைக் கீழே வைத்தார்.

"மூன்று நாளும் நீங்கள் திட்டத் திட்ட அது விழுந்துகொண்டே இருந்ததே, ஐயா. அதற்காக ஏற்றுங்கள்."