வெட்டியானுக்குக் குழி இல்லை

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே மருதங்குளம் என்று ஒரு சீமை. அதை ஆண்டவர் பூலோகசிங்க மகாராஜா. ஆண்டார் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறோம். அவர் செய்ததெல்லாம் சாப்பிட்டது, சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டது, கையைக் கழுவிக்கொண்டே உத்தரவு போட்டது. அந்த உத்தரவுகளைக் காதில் ஓதிக் கொடுப்பவர் தர்மாதிகாரி திருமேனிநாதர். ஆசாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மனுஷத்தனத்தில் அவருக்குக் கீழேயும் ஆள் கிடையாது.

மகாராஜாவின் பிறந்தநாளன்று விடியற்காலையில் அந்த ஊர் வெட்டியான் காத்தான் இறந்துபோனான். நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் குழி வெட்டிய மனிதன். செய்தி கேட்டு ஊரே அவன் குடிசைக்கு வந்து நின்றது. அதுதான் திருமேனிநாதருக்குப் பொறுக்கவில்லை. போன வருஷம் அவருடைய தாய்மாமன் செத்தபோது தூக்குவதற்கு நாலு பேர் வந்தார்கள், அதிலும் ஒருவன் பாதி வழியில் நழுவிவிட்டான். ஒரு வெட்டியானுக்கு இத்தனை கூட்டமா? மனிதர் நேரே போய் இடுகாட்டு வாசலைப் பூட்டிக் காவல் போட்டுவிட்டார்.

காத்தான் பெண்டாட்டி பேச்சி அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு அரசவைக்குப் போனாள். அவளுக்கு வேண்டியது ஆறடி மண். வெயில் ஏறுவதற்குள் வேண்டும்.

"இடுகாட்டுக்குள்ளே படுத்திருப்பவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள். உன் புருஷன் அவர்களுக்கு ஏவல் செய்தவன். எஜமானர் பக்கத்தில் வேலைக்காரன் சரிசமமாகப் படுக்கலாமா?" என்றார் திருமேனிநாதர்.

"உள்ள இருக்கிற எஜமான் யாராச்சும் எழுந்து வந்து வேணாம்னு சொன்னாங்களா சாமி?"

அவையில் ஓரிருவர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். திருமேனிநாதர் முகம் கறுத்தது.

"அப்ப ஆத்தங்கரையில வைக்கட்டுமா?"

"அது நான் குளிக்கிற துறை!" என்று மகாராஜா அலறினார்.

"காட்டுல?"

"அங்கே நான் வேட்டையாட வேண்டாமா?"

"எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டு போனா?"

"அடுத்த நாட்டுக்காரன் படை திரட்டிக்கொண்டு வருவான்."

"பின்ன எங்கதான் சாமி கொண்டு போறது?"

"உன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு அழகு பார்!" என்று சீறினார் திருமேனிநாதர்.

இந்த ஆளின் மாமனுக்கு, கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே குழி வெட்டியவன் அவள் புருஷன். ஆனாலும் குரலை உயர்த்தாமல் கேட்டாள். "இது மகாராஜா உத்தரவுங்களா?"

மகாராஜாவின் மனசு அப்போதே பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டது. "ஆமாம், உத்தரவுதான். போ, போ."

"உத்தரவுப்படியே ஆகட்டும்" என்று கும்பிட்டுவிட்டு வந்து, புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

மகாராஜா பந்திக்குப் போனார். தலைவாழை இலை போட்டிருந்தது. இலையில் ஆறு வாழைப்பழமும் ஊறவைத்த அவலும் இருந்தன.

"என்னடா இது? இருபத்தேழு கறி எங்கே? பாயசம் எங்கே?"

தலைமைச் சமையல்காரன் கைகட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "மகாராஜா, ஊர் எல்லைக்குள் பிணம் கிடக்கும்போது அரண்மனை முதல் குடிசை வரை அடுப்பு மூட்டக் கூடாது. மூட்டினால் கையை வெட்டுவார்கள். எடுத்துவிடுவார்கள், பிறகு மூட்டலாம் என்று காலையிலிருந்து காத்திருந்தோம். இப்போது எடுக்கவே கூடாது என்று உத்தரவாமே!"

"எந்த மடையன் போட்ட சட்டம் இது?"

சமையல்காரன் திருமேனிநாதரைப் பார்த்தான். தாய்மாமன் சாவுக்குக் கூட்டம் சேராத ஆத்திரத்தில், ஊர் பட்டினியாவது கிடக்கட்டும் என்று அவர்தான் போன வருஷம் அதை எழுதினார். அதுவும் சாதாரணமாகவா எழுதினார்? மகாராஜாவின் குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டுக் கல்லில் வெட்டிக் கோயில் வாசலில் நட்டுவிட்டார். மகாராஜாவுக்குப் பாயசத்தின் மேல் ஆசைதான், ஆனால் குலதெய்வத்தின் மேல் அதைவிடப் பயம்.

அவலைக் கொறித்தபடி ஒரு நாழிகை பொறுத்துப் பார்த்தார். அதற்குமேல் முடியவில்லை. பல்லக்கு ஏறிக் குடிசைக்கே வந்துவிட்டார். திருமேனிநாதர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஏ பேச்சி, எடு! உடனே இடுகாட்டுக்கு எடு!"

"வீட்டுலயே வச்சுக்கச் சொல்லி உத்தரவு போட்டீங்களே மகாராஜா. நான் எப்படி மீறுவேன்? நாளைக்கும் இங்கதான் இருப்பாரு. நாளான்னைக்கும்..."

"நாளான்னைக்குமா!" மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அந்த உத்தரவு ரத்து!"

"இன்னிக்கு ரத்துன்னுவீங்க. நாளைக்கு வேற யாரு பிணத்தையாவது இடுகாட்டு வாசல்ல நிறுத்தி வைப்பீங்க. ஊரு மறுபடி பட்டினி கிடக்கும், நீங்களுந்தான்."

"இனிமேல் இந்தச் சீமையில் யார் செத்தாலும் இடுகாட்டில் இடமில்லை என்று சொல்லக் கூடாது. போதுமா? குலதெய்வத்தின் மேல் ஆணை!"

ஊர் முழுக்கச் சாட்சியாக நின்று கேட்டது.

"சரி, சீக்கிரம் குழியை வெட்டச் சொல்லு" என்றார் மகாராஜா.

"யாரை மகாராஜா சொல்றது? வெட்டத் தெரிஞ்ச ஒரே ஆளு இங்க படுத்திருக்காரு." பேச்சி மெதுவாகத் திரும்பினாள். "யாரு படுக்கலாம், யாரு படுக்கக் கூடாதுன்னு அவ்வளவும் தெரிஞ்சவரு உங்க பக்கத்துலயே நிக்கிறாரு. படுக்க வைக்கிற விதமும் தெரியாமலா இருக்கும்?"

மகாராஜாவுக்குப் பசியிலும் சிரிப்பு வந்துவிட்டது. "திருமேனிநாதரே, மண்வெட்டியை எடும்! நீர் போட்ட சட்டத்தால்தானே நான் அவல் தின்றேன்!"

பட்டு உத்தரீயத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு திருமேனிநாதர் இடுகாட்டில் குழி வெட்ட இறங்கினார். அடுத்தவர் தகுதியை அளக்கவே பழகிய கை அது. நாலு வெட்டிலேயே கொப்புளித்துவிட்டது. உதவிக்கு ஒருவரும் இறங்கவில்லை. முழங்கால் ஆழம் வந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, மூச்சிரைக்க அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு வெட்டியானுக்கு இது போதாதா?"

பேச்சி குழியின் விளிம்புக்கு வந்து நின்றாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"உங்க மாமனுக்கு என் புருஷன் ஆறடி வெட்டினாரு சாமி. எல்லாருக்கும் அதே ஆறடிதான், ஆளு பார்த்து அளவு குறைச்சதே இல்ல. இன்னும் வெட்டுங்க."

திருமேனிநாதர் குனிந்து மண்வெட்டியை எடுத்தார்.