மதுரையில் பகல் பன்னிரண்டரை முதல் நாலு வரை

மார்ச் மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. ஈரோட்டில் பூங்கோதை டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐவரில் ஒருவர் சென்னியப்பன் என்பதால் பேச்சு சீக்கிரம் முடியாது என்று மற்ற நால்வருக்கும் தெரியும்.

சென்னியப்பன் பூங்கோதையின் தம்பி. ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டார் விற்கிறவர். அவர் விற்ற மோட்டார்கள் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் அவற்றைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டால், பூமிக்கு அடியில் இந்நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மிச்சமிருக்கக் கூடாது.

விஷயம் இதுதான். ஏப்ரல் முதல் சனி, ஞாயிறில் பூங்கோதைக்கு விடைத்தாள் திருத்தும் வேலை. அவள் கணவருக்கு வங்கியில் ஆண்டுக் கணக்கு. பிள்ளைகள் மூவரையும் அத்தை வீட்டில் விடுவதாக இருந்தது. அங்கே டிவியை உறை போட்டு மூடி வைத்திருப்பார்கள். அப்போதுதான் சென்னியப்பன், “எதுக்கு அங்க? நான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

பிள்ளைகளில் மூத்தவள் ஆதிரைக்குப் பன்னிரண்டு வயது. ஜனவரியில் அவள் வகுப்பு முழுக்க மதுரைக்குச் சுற்றுலா போனது. அவள் மட்டும் அம்மை போட்டு வேப்பிலைக்கு நடுவில் படுத்திருந்தாள். போனவர்கள் இன்னும் பேச்சை நிறுத்தவில்லை. நாயக்கர் மஹால் தூணைக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் வேண்டியிருந்தது என்று மதியச் சாப்பாட்டில் சண்டை போடுவார்கள். ஆதிரை தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்தப் பயணம் கை நழுவினால் மதுரை இனி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே முந்தின நாளே மாமாவிடம் கெஞ்சியிருந்தாள். “மாமா, அம்மா கேட்டா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உண்மையை மட்டும்.”

“நான் எப்ப கண்ணு பொய் சொன்னேன்?” என்றார் சென்னியப்பன்.

பூங்கோதை முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி உரிக்க ஆரம்பித்தாள். ஆறு வயது முகில் மாமாவின் மடியில் ஏறிக்கொண்டான். ஒன்பது வயது அகரன் பக்கத்தில் குப்புறப் படுத்தான்.

“நான் கேக்கறேன், நீ சொல்லு” என்றாள் பூங்கோதை தம்பியிடம். “ஆதிரை, நீ வாயைத் திறக்கக் கூடாது. கூட்டிட்டுப் போறவன் பேசட்டும். டேய், மதுரைக்கு எத்தனை தடவை போயிருக்க?”

ரெண்டு தடவை என்று சொல்லியிருந்தால் போதும். உண்மையும் அதுதான்.

“தடவையா? அக்கா, மதுரை ஸ்டேஷன்ல நான் கால் வெச்சா, மைக்ல ரயில் சொல்ற பொண்ணு தொண்டையைச் செருமிக்கும். ‘ஈரோட்டுச் சென்னியப்பன் வந்துவிட்டார்’னு மூணு பாஷையில சொல்லும். அதுக்கப்புறம்தான் பாண்டியன் எக்ஸ்பிரஸுக்கே பச்சை விளக்கு.”

“இந்தியில எப்படிச் சொல்லுச்சு?”

“வெட்கத்துல மெதுவாச் சொல்லுச்சு, காதுல விழலை.”

பூங்கோதை ஒரு வெங்காயத்தை உரித்துப் போட்டாள். ஆதிரை மாமாவின் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

“சரி. கோயில்ல கூட்டம். முகில் கையை உதறிட்டு ஓடறான். என்ன பண்ணுவ?”

“ஓடட்டும். சித்திரைத் திருவிழாவுல, பத்து லட்சம் ஜனத்துக்கு நடுவுல என் ஒரு கால் செருப்பு போச்சு. நான் தேடினேனா? நின்ன இடத்துல ஒரு விசில் அடிச்சேன். பத்து லட்சம் பேரும் கை மாத்திக் கை மாத்திக் கொண்டாந்து கால்ல மாட்டிவிட்டாங்க. வார் அறுந்திருந்தது. வர்ற வழியிலேயே தெச்சிருந்தாங்க.”

“செருப்பு ஓடாது. இவன் ஓடுவான்.”

“பாலிஷும் போட்டிருந்தாங்க” என்றார் சென்னியப்பன், அதுதான் பதில் என்பதைப் போல.

“சாப்பாடு? இவங்களுக்குக் காரம் ஆகாது.”

“இட்லிதான். ஆனா மதுரை இட்லியை ஜாக்கிரதையா சாப்பிடணும். அத்தனை மெது. போன தடவை தட்டுல நாலு வெச்சாங்க. விவரம் தெரியாத சர்வர் ஃபேனைப் போட்டுட்டான். நாலும் ஜன்னல் வழியாப் பறந்திருச்சு. ஆட்டோ பிடிச்சுத் துரத்தி மூணை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல மடக்கினேன்.”

“நாலாவது?” என்றான் அகரன்.

“மேலூர் பஸ்ஸுல ஏறிருச்சு.”

“டிக்கெட் எடுத்துச்சா மாமா?”

“இட்லிக்கு அரை டிக்கெட்.”

ஆதிரை கண்ணை மூடிக்கொண்டாள். கோயில் வாசலில் ஆளுக்கு ஒரு கை, சாப்பாட்டுக்கு இட்லி, ஸ்டேஷன் பக்கத்தில் அறை என்று எல்லாப் பதிலும் அவளிடம் இருந்தது. அம்மாவின் கை வேகம் குறைவதைப் பார்த்தாள். பூங்கோதை கோபப்பட்டால் வேகமாக உரிப்பாள். முடிவுக்கு வந்துவிட்டால்தான் இப்படி நிதானமாக உரிப்பாள்.

“கடைசிக் கேள்வி” என்றாள் பூங்கோதை. “பன்னிரண்டரைக்குக் கோயில் நடை சாத்திருவாங்க. திறக்க நாலு மணி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். இதுல முகில் பகல்ல தூங்கி நாலு வருஷம் ஆச்சு. நான் தாலாட்டியிருக்கேன், மிரட்டியிருக்கேன், தூங்கற மாதிரி நடிச்சு நானே தூங்கியிருக்கேன். ஒண்ணும் நடக்கலை. தூங்கலைன்னா நாலு மணிக்கு அழ ஆரம்பிப்பான். ஊரே திரும்பிப் பாக்கும். அந்த மூன்றரை மணி நேரம் மூணு பேரை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ? இதுக்கு ஒழுங்கா ஒரு பதில் சொன்னா கூட்டிட்டுப் போ. இல்லைன்னா அத்தை வீடு.”

ஆதிரை மாமாவின் முகத்தைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். ஒரு நிமிஷம், உண்மையைத் தேடுகிறவர் மாதிரிதான் இருந்தது. பிறகு காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

“வெயிலா? அக்கா, மூணு வருஷம் முன்னாடி மதுரையில அடிச்சதுதான் வெயிலு. நாலு மாசி வீதியிலயும் தார் உருகி ஓடுச்சு. ஜனங்க பரிசல்லதான் கடைக்குப் போனாங்க. நான் நேரா நாயக்கர் மஹாலுக்குப் போனேன். இருக்கறதுலயே பெரிய தூணாப் பாத்து, அதோட நிழலை அடியில கத்தரிச்சு எடுத்தேன்.”

“எதால?”

“தையல்காரர் ஒருத்தர் கத்தரி குடுத்தாரு. பாய் மாதிரி சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டேன். போற எடத்துல எல்லாம் விரிக்கறது, உக்கார்றது, மறுபடி சுருட்டறது. ஜிலுஜிலுன்னு இருக்கும். பின்னாடியே எண்ணூறு பேரு வந்தாங்க. எடம் பத்தலை. சரின்னு நம்ம மோட்டார் ஒண்ணை வைகையில இறக்கினேன். மணலுக்கு அடியில கிடந்த தண்ணி அத்தனையும் மேல ஏறுச்சு. ஏறினது எறங்கலை. ஊருக்கு மேல பந்தல் மாதிரி நின்னுருச்சு. கெண்டை மீனெல்லாம் தலைக்கு மேல மெதுவா நீந்திப் போகுது. அதோட நிழல் வீதியில மெதுவாப் போகுது. ஒரு சத்தம் இல்லை. ஆடு, மாடு, ஆட்டோ, எல்லாம் அப்படியே நின்னு பாக்குது. ஒரு மீனு கோபுரத்துக்கிட்ட வந்துச்சு. ஒரு சுத்து சுத்துச்சு. ரெண்டாவது சுத்து. மூணாவது சுத்து...”

“நிறுத்து” என்றாள் பூங்கோதை.

அத்தை வீடுதான் என்று ஆதிரை தலையைக் குனிந்துகொண்டாள். கூடம் அமைதியானது. அந்த அமைதியில் மெல்லிய குறட்டை கேட்டது.

முகில் மாமாவின் மடியில் வாயைப் பிளந்து கிடந்தான். வேட்டியில் எச்சில் ஒழுகியிருந்தது. அகரன் முறத்தின் ஓரத்தில் தலை வைத்து, கன்னத்தில் ஒரு வெங்காயச் சருகோடு தூங்கிக்கொண்டிருந்தான்.

பூங்கோதை முகிலின் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தாள். விரலால் அவன் காலைச் சுரண்டினாள். அவன் அசையவில்லை. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு தாண்டியிருந்தது.

“இந்த மாதிரி எவ்வளவு நேரம் பேசுவ?”

“எவ்வளவு நேரம் வேணும்?”

“பன்னிரண்டரையிலிருந்து நாலு.”

“அது எனக்கு முன்னுரைக்கே பத்தாதே.”

அன்றைக்கு அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை என்று பூங்கோதைக்குத் தோன்றியது. முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“டிக்கெட் போடு. முகிலுக்கு ஜன்னல் ஓரம் வேண்டாம், எட்டிப் பாப்பான்.”

ஆதிரை அடுத்த நிமிஷமே வெளியே ஓடினாள். தெருக்கோடியில் இருந்த வகுப்புத் தோழியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது மாமா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். கேட்பதற்கு அங்கே யாரும் விழித்திருக்கவில்லை.

ஏப்ரல் 4, சனிக்கிழமை, பகல் ஒன்றரை மணிக்கு மதுரையில் ஒரு விடுதி அறையில் சென்னியப்பன் கதையைத் தொடங்கினார். ஒன்று நாற்பதுக்குத் தூங்கிப்போனார். முகிலும் அகரனும் நாலு மணி வரை கட்டிலுக்குக் கட்டில் தாவினார்கள். இரண்டு மணிக்கு ஈரோட்டிலிருந்து அம்மா ஃபோன் செய்தாள். ஆதிரை எடுத்து, “எல்லாரும் தூங்கறோம்மா, நானும்தான்” என்று சொல்லி வைத்தாள்.